கூழைக்கடாவுக்குக் கீழே ஒரு கோடு

அங்க வைக்காதீங்க, அங்க வைக்காதீங்க. மேசை பூரா துருவல் கிடக்குது, கண்ணு தெரியலயா? பலகையைப் போர்வையோட அந்த ஸ்டாண்டுல சாச்சு வைங்க. ம். லைட்டை நான் போடுறேன். இப்ப சொல்லுங்க இன்ஜினியரே, எங்க கீறல்?

விரல எடுங்க. வாயால சொன்னாப் போதும். லோகோவுக்குக் கீழயா. அடி ஓரத்துக்கு ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்கு. லைட் போட்டாத் தெரியுது, அணைச்சாத் தெரியல. சரி. மேனேஜர் போட்டோ எடுத்து அனுப்பினாராக்கும்? காட்டுங்க. ஆமா, பளிச்சுன்னுதான் இருக்கு. மத்த எல்லாத்தையும் விட அதுதான் பளிச்சுன்னு இருக்கு. நல்ல கண்ணு அவருக்கு. கடல்ல செத்த பதினோரு பேரோட பேரையும் இருட்டுல ஊசி தேடுற மாதிரி தேட வேண்டியிருக்கு, அதுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பத் தோணல. கம்பெனி லோகோவுக்குக் கீழ ஒரு கோடுன்னதும் தோணிருச்சு.

எப்ப வேணும்? நாளை மறுநாள் காலைலயா? அது எனக்குத் தெரியாதாக்கும். மீனவங்களைக் காக்குற சான் பெத்ரோவோட திருநாளு. பூசை முடிஞ்சு சிலையைப் படகுல ஏத்துறதுக்கு முன்னாடி, கம்பெனி வாசல்ல இதைத் திறந்து வைக்கிறீங்க. பிஷப் வர்றாரு. விதவைங்களுக்கு முன் வரிசையில நாற்காலி. சிம்போத்தேயில சுவத்துக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டி வச்சிருக்கீங்களே, படிக்காம எப்படி ஊர்ல நடக்குறது?

எடுக்கலன்னா வேற கடையில புதுசாப் பண்ணிக்குவீங்களா? பண்ணிக்குங்களேன். பதினஞ்சு மில்லி ஷீட்டுல இந்தச் சைஸ் வெட்டுற ரூட்டர் மெஷின் இந்த ஊர்ல மொத்தம் ரெண்டு. ஒண்ணு இது. இன்னொண்ணு மார்க்கெட்டுக்குப் பின்னாடி கோப்பை, கேடயம் பண்றானே, அவன்கிட்ட. அவன் ஒரு வாட்டி வெட்டினதைப் பாத்திருக்கீங்களா? எழுத்து ஓரம் எல்லாம் பபிள்கம் இழுத்த மாதிரி இருக்கும். வெட்டுற பிட்டு சூடாகுறது அவன் காதுக்கே கேக்காது. எனக்குக் கேக்கும். பக்கத்து ரூம்ல வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாலும் கேக்கும். சத்தம் கொஞ்சம் கரகரன்னு மாறினா ஓடி வந்துருவேன். பதினாறு வருசமா இந்தச் சத்தத்தோடதான் குடித்தனம்.

முதல்ல நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க அதுக்குப் பதில் சொல்லுங்க. இதைத் துடைச்சது யாரு? இந்த மேல் மூலையில பாருங்க, வட்ட வட்டமா. வாட்ச்மேனா? எதை வச்சுத் துடைச்சான்? ஆல்கஹாலா! ஐயோ, ஐயோ. கைக்குப் போடுறதை எடுத்து இதுக்குப் போட்டானாக்கும். சொன்னேனா இல்லையா? தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, பருத்தித் துணி, வேற ஒண்ணும் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேனா இல்லையா? வெட்டின ஓரத்துல ஆல்கஹால் பட்டா மூணே நாள்ல முடி முடியா வெடிப்பு விடும். அப்புறம் லைட் போட்டீங்கன்னா சிலந்தி கூடு கட்டின மாதிரி மின்னும். அப்பவும் எங்கிட்டதான் வருவீங்க, உன் வேலை சரியில்லன்னு.

இல்ல, இந்தக் கோடு அதனால வந்தது இல்ல. வெடிப்பு வேற மாதிரி இருக்கும். வண்டியில வச்சுக் கொண்டுபோனப்ப உரசினதும் இல்ல. உங்க ஆளுங்க பாவம், குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரிதான் தூக்கிட்டுப் போனாங்க. அவங்களைத் திட்டாதீங்க.

அப்ப எப்படி வந்துச்சா? சொல்றேன். அவசரப்படாதீங்க. போன மாசம் நான் பேசினப்ப நீங்க வாட்சைப் பாத்துட்டே இருந்தீங்க. இன்னைக்கு உங்களுக்கு வேற வழியில்ல, கேட்டுத்தான் ஆகணும்.

இது கண்ணாடி இல்ல, அக்ரிலிக்கு. அடியில லைட் பட்டி இருக்கு. வெளிச்சம் அடி ஓரத்துல நுழைஞ்சு உள்ளுக்குள்ளயே மேல ஓடும். ஓடிட்டே இருக்கும், வெளிய வராது. எங்க ஒரு வெட்டு இருக்கோ அங்கதான் வெளிய வரும். அவ்வளவுதான் இந்தத் தொழிலோட சூட்சுமம். காயம் பட்ட இடம் மட்டும்தான் ஒளிரும். மத்ததெல்லாம் சும்மா தெளிவா நிக்கும், ஒண்ணுமே இல்லாத மாதிரி.

ஆனா வெளிச்சம் ஒண்ணும் ஊத்து இல்லையே, சுரந்துட்டே இருக்க. முதல் வெட்டு அதுல பாதியைக் குடிச்சிருச்சுன்னா அதுக்கு மேல இருக்குறதுக்கு மிச்சம்தான். இதை உங்களுக்குப் படம் போட்டுக் காட்டினேன். ரொட்டி சுத்தி வந்த தாள்ல. ஞாபகம் இருக்கா? லீமாவுல உங்க டிசைன்காரன் அனுப்பின ஃபைலைத் திறந்தா, நடு அடியில, லைட்டுக்குப் பக்கத்துல, கம்பெனிக் கூழைக்கடா. இறக்கையை விரிச்சுக்கிட்டு, வாயைப் பொளந்துக்கிட்டு, என் ரெண்டு கை அகலத்துக்கு. வெளிக்கோடு மட்டும் போதாதாம், உள்ள பூரா பள்ளமா எடுக்கணுமாம், அஞ்சு மில்லி ஆழம். நான் போன் பண்ணி சொன்னேன், இன்ஜினியரே, இந்தப் பறவை வெளிச்சத்தைப் பூரா முழுங்கிரும், மேல இருக்குற மனுசங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது, லோகோவை மேல தூக்கிருங்க, இல்ல சின்னதா ஆக்குங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க? மேனேஜ்மெண்ட் ஒத்துக்காது செஞ்யோரா, லோகோ எல்லா இடத்துலயும் கீழ நடுவுலதான் இருக்கும், அது விதின்னீங்க. விதி!

இப்பப் பாருங்க. நல்லாப் பாருங்க. பக்கத்துல வாங்க. கூழைக்கடா தகதகன்னு எரியுது. இறகு இறகா எண்ணலாம். அதுக்கு மேல முதல் வரிசை, மங்கலு. ரெண்டாவது வரிசை, இருக்கா இல்லையான்னு சந்தேகம். நேத்து நீங்க மாட்டிப் பாத்தப்ப சப்பிலிக்கேன் சம்சாரம் வந்தாங்களாமே, தெயோஃபிலா. மூக்கு ஷீட்டுல ஒட்டுற மாதிரி நின்னு தேடினாங்களாம். வாட்ச்மேன்தான் செல்போன் டார்ச்சு அடிச்சுக் காட்டினானாம், இதோ உங்க வீட்டுக்காரருன்னு. லைட் எரியுற பலகையில டார்ச்சு அடிச்சுப் பேர் தேடுறாங்க! அவர் முப்பத்தோரு வருசம் உங்களுக்கு நெத்திலி அள்ளிக் கொட்டினவரு. பேர் அடி வரிசையில, கூழைக்கடா தலைக்கு நேர் மேல. அதோட நிழல்ல.

கோபப்படாம எப்படிப் பேசுறது? நீங்களே சொல்லிக் குடுங்க.

இல்ல, தண்ணி வேண்டாம். நீங்க குடிங்க.

சரி, பேருங்களுக்கு வருவோம். பட்டியல் நீங்கதானே குடுத்தீங்க? துறைமுக ஆபீஸ் முத்திரையோட. சொராய்தா படகு, ஏப்ரல் இருபத்திரெண்டு, புறப்பட்ட ஆளுங்க பதினொண்ணு. நான் ஒரு எழுத்து மாத்தல. அப்படியே அடிச்சு, பின்பக்கம் வெட்டுறதால இடவலம் திருப்பி, மெஷின்ல ஏத்தினேன். ஒரு பேருக்கு ஒம்போது நிமிஷம் ஆகும். பக்கத்துலயே நிப்பேன். காத்துக் குழாயைப் பிடிச்சுத் துருவலை ஊதிட்டே இருக்கணும், இல்லன்னா துருவல் திரும்ப வெட்டுல ஒட்டிக்கும். அதனால ஒவ்வொரு பேர் கூடவும் ஒம்போது நிமிஷம் நின்னிருக்கேன். மூணு பேர் எனக்குத் தெரிஞ்சவங்க. ஒருத்தர் என் கல்யாணத்துல ஆடினவரு.

அஞ்சாவது பேர் ஓடிட்டு இருந்துச்சு. ரொசெந்தோ பாந்தா. ரொசெந்தோ முடிஞ்சு பாந்தா ஆரம்பிச்சிருந்துச்சு. பின் கதவைத் தட்டுற சத்தம். போய்த் திறந்தா ரொசெந்தோ பாந்தா.

சிரிப்பு வருதா? எனக்கும் வந்துச்சு. தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, கையில கால் கிலோ ரொட்டிப் பையோட நிக்கிறான். அக்கா, என் பேரை வெட்டாதீங்க அக்காங்கிறான். உள்ள வந்து பாத்தான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. சிவப்பு பட்டனை அமுக்க ஓடினான், நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். டேய், நடுவுல நிறுத்தினா பிட்டு நின்ன இடத்துல உருகிக் குழி விழுந்துரும்டா, எட்டாயிரம் சோல் விலைடா இந்த ஷீட்டு, சும்மா நில்லுன்னேன். நின்னான். சிலுவை போட்டுக்கிட்டே நின்னான். தன் பேரு செத்தவங்க நடுவுல எழுத்து எழுத்தா விழறதைப் பாத்துட்டு நின்னான். கடைசி எழுத்து முடிஞ்சு பிட்டு மேல தூக்கினதும், அவ்வளவுதானா அக்கான்னு கேட்டான். அவ்வளவுதான்டான்னேன்.

உங்களுக்குத் தெரியாதா அவன் உயிரோட இருக்கான்னு? என்னைப் பாத்துச் சொல்லுங்க. பேக்கரிக்காரிக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும், மோட்டோ டாக்ஸிக்காரனுங்களுக்குத் தெரியும். பொழைச்சு இருக்கேன் ஐயான்னு உங்க ஆபீசுக்கே வந்து நின்னானே மே மாசத்துல. உங்க வக்கீல் என்ன சொன்னாரு? மீனவர் கார்டை இன்னொருத்தனுக்குக் குடுத்து அனுப்பினது குத்தம், வாயைத் தொறந்தா ஜெயில்னாரு. பேப்பர்ல பதினொண்ணுன்னா பதினொண்ணுதான்னாரு. அவன் வீட்டுக்குப் போய்க் கட்டில்ல படுத்துட்டான். அவன் சம்சாரம் நாளை மறுநாள் முன் வரிசையில கறுப்புத் துணி கட்டிட்டு உக்காரணுமாம். அவகிட்ட கறுப்பு இல்ல, என் பாவாடையைத்தான் வாங்கிட்டுப் போயிருக்கா. அவ அழுதாகணும். புருசன் வீட்ல உருளைக்கிழங்கு உரிச்சுட்டு இருப்பான். இவ பிஷப் முன்னாடி அழணும். அழுதுருவா, அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. அவனுக்கு இனிமே கடல் கிடையாதுல்ல. செத்தவனுக்கு யாரு கார்டு புதுப்பிச்சுக் குடுப்பா?

இது ஊர்ல புதுசும் இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம்தான். சீசனோட முதல் ஓட்டத்துக்கு ஆள் வரலன்னா அந்த இடம் போச்சு, கேப்டன் வேற ஆளைப் போட்டுருவாரு. அதனால முடியாதவன் கார்டைச் சேக்காளிகிட்ட குடுப்பான். எனக்குப் பதிலா ரெண்டு ஓட்டம் போய்ட்டு வா, இடத்தைக் காப்பாத்துன்னு. ரொசெந்தோவுக்குப் பல்லு. தாடை இப்படி பலாக்காய் மாதிரி வீங்கியிருந்துச்சு. கஞ்சி கூட இறங்கல. சேக்காளிக்குக் கார்டு காலாவதி ஆயிருந்துச்சு, புதுப்பிக்கிற வகுப்பு ஜூலையிலதான். அவனுக்கும் வேலை வேணும். ரெண்டு பேருக்கும் வசதி. கார்டு கைமாறிச்சு.

போனான். திரும்பி வரல. கொள்ளளவுக்கு மேல நெத்திலி ஏத்தி, அந்த அலையில, பின்பக்கம் தாழ்ந்து... அது உங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும். நாலு உடம்பு கிடைச்சுது. அந்த நாலுல அவன் இல்ல.

பாத்தீங்களா, நான் இவ்வளவு நேரம் பேசுறேன். ரொசெந்தோவுக்குப் பதிலாப் போனவன் யாருன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கல.

பதிவுல இல்லையா. ஆமா. பதிவுல இல்லதான். அவன் வீட்டு ஆளுங்க போலீசுக்குப் போனாங்க. அங்க எழுதினாங்க, ஆண், வயசு முப்பத்திநாலு, வீட்டை விட்டுப் போயிருக்கலாம்னு. பெண் சகவாசம் உண்டான்னு கேட்டாங்க. துறைமுக ஆபீசுக்குப் போனாங்க. எங்க லிஸ்டுல இந்தப் பேரே இல்லையேம்மான்னாங்க. உங்க ஆபீசுக்கும் வந்தாங்க, ஆறு வாட்டி. வரவேற்புல இருக்குற அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, ஒவ்வொரு வாட்டியும் காப்பி குடுத்துச்சு. செத்தவன் ரொட்டி வாங்கிட்டுத் திரியுறான். உயிரோட இருக்குறதா எழுதி வச்சவன் எந்த மீன் வயித்துல இருக்கானோ. பாதிரியார் கூட இறப்புச் சான்று இல்லாம பூசைக்குப் பேர் வாசிக்க யோசிக்கிறாரு. வாசிப்பாரு, ஆனா யோசிக்கிறாரு.

கோட்டைப் பத்திப் பேசச் சொல்றீங்க. சரி, கோட்டைப் பத்தியே பேசுவோம்.

தேச்சு எடுக்க முடியுமான்னு கேக்குறீங்களா? முடியும். உப்புத்தாள் நானூறுல ஆரம்பிச்சு, எண்ணூறு, ஆயிரத்தைநூறு, அப்புறம் பசை போட்டுத் துணிச் சக்கரம். ஆனா தேச்ச இடம் லேசா பள்ளமாகும், லைட் போட்டா அங்க ஒரு மேகம் மாதிரி தெரியும். மேனேஜர் அதையும் போட்டோ எடுப்பாரு. அதை விட சுலபம், அடி ஓரத்துல ஒண்ணரை சென்டிமீட்டர் நறுக்கி எறிஞ்சுறது. கோடும் போயிரும். ஓரத்தைத் தேச்சு நெருப்புக் காட்டினா பழையபடி பளபளன்னு ஆயிரும். லைட் பட்டியைத் திரும்ப மாட்டிறலாம். கூழைக்கடா லைட்டுக்கு இன்னும் பக்கத்துல வரும், இன்னும் நல்லா முழுங்கும். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

ஆமா, அவ்வளவுதான். செய்யக்கூடியதுதான். முடியாதுன்னு நான் சொல்லவே இல்லையே.

செய்ய மாட்டேன்னுதான் சொல்றேன்.

ஏன்னா அது கீறல் இல்ல இன்ஜினியரே. கண்ணாடியைப் போடுங்க. அந்தச் சட்டைப் பையில இருக்குறதுதான். போட்டுட்டுக் குனிங்க. இன்னும் கீழ. லைட்டை அணைச்சா ஒண்ணும் தெரியாது. நான் இங்க நின்னு பாத்தாலே எனக்கே தெரியாது. மெல்லிசு பிட்டு, கால் மில்லி ஆழம் கூட இல்ல. எழுத்து உசரம் அரிசி அளவு. தூரத்துல இருந்து பாத்தா கோடு. மேனேஜருக்கும் கோடு, பிஷப்புக்கும் கோடுதான்.

படிங்க. சத்தமாப் படிக்க வேண்டாம்.

நெய்செர் கெரேவலூ சுங்கா. வலைக்காரன். சொராய்தா. ஏப்ரல் இருபத்திரெண்டு. வேற ஒண்ணும் எழுதல. ஆன்மா சாந்தி அடையட்டும்னெல்லாம் எழுதல. அடைஞ்சா அது அவன் பாடு.

எங்க போட்டிருக்கேன்னு பாத்தீங்களா? லைட்டுக்கும் உங்க கூழைக்கடாவுக்கும் நடுவுல. ஒரு விரக்கடை இடம்தான் இருந்துச்சு, உங்க டிசைன்காரன் சும்மா விட்டு வச்சிருந்தான். இந்த ஷீட்டுலயே அதை விட நல்ல இடம் கிடையாது. வெளிச்சம் நுழைஞ்சதும் முதல்ல அவன் மேலதான் படும். மிச்சத்தைத்தான் உங்க பறவை குடிக்கும். என்னால அந்தப் பதினோரு பேருக்கு ஒண்ணும் பண்ண முடியல. பத்துப் பேருக்கு. ஃபைலைத் தொட்டா கண்டுபிடிச்சுருவீங்க. இதை மட்டும்தான் பண்ண முடிஞ்சுது.

கடை போர்டுல சல்திவார்னு போட்டிருக்கு, அது என் வீட்டுக்காரர் பேரு. நீங்க பில்லுலயும் அதான் பாத்திருப்பீங்க. நான் ஒதிலியா கெரேவலூ, நெய்செரோட அக்கா. உங்க ஆபீசுல ஆறு வாட்டி காப்பி குடிச்சது நான்தான். நீங்க ஒவ்வொரு வாட்டியும் மீட்டிங்ல இருந்தீங்க. அதனாலதான் இந்தக் கடைக்கு வந்தப்ப என்னைத் தெரியல உங்களுக்கு. ஆர்டரை நான் ஏன் எடுத்தேன்னு நினைக்கிறீங்க, உங்க காசுக்கா? மார்க்கெட்டுக்காரன் சொன்ன விலையில பாதி சொன்னேனே, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும் நீங்க.

இல்ல, கேஸ் போடுறதுக்கெல்லாம் இல்ல. எந்தக் காகிதத்தை வச்சுப் போடுறது?

எனக்கு ஒரே ஒரு காகிதம் இருக்கு, அதுவும் காகிதம் இல்ல. போன்ல ஒரு குரல். அன்னைக்குக் காலைல படகு கிளம்பினதும் அனுப்பினான். பின்னாடி மோட்டார் சத்தம், எவனோ கெட்ட வார்த்தை பேசுறான், இவன் சிரிப்பை அடக்க முடியாமப் பேசுறான். அக்கா, இன்னைக்கு நான் ரொசெந்தோ, மரியாதையாப் பேசு. படகுத் துறையில பேர் வாசிச்சாங்களா, ரொசெந்தோ பாந்தான்னதும் ஆஜர்னு கை தூக்கிட்டேன். இன்ஜினியர் தலையைத் தூக்கி என்னையவே பாத்தாரு, போச்சுடான்னு நினைச்சேன். அவரு டிக் அடிச்சுட்டுக் கேக்குறாரு, பல்லு எப்படி இருக்கு ரொசெந்தோன்னு. பிடுங்கியாச்சு இன்ஜினியரேன்னேன். துறையே சிரிச்சுது அக்கா. நல்ல மனுசன்.

நல்ல மனுசன்னுதான் சொன்னான். போடவா? கேக்குறீங்களா?

வேண்டாம்னா வேண்டாம். நான் அதை உங்க மேல வழக்காச் சொல்லல. அவன் போகக் கூடாதுன்னு நீங்க தடுத்திருந்தா அன்னைக்கு உங்களைத் திட்டித் தீத்திருப்பான். நானும் சேந்து திட்டியிருப்பேன். பிழைப்பைக் கெடுத்தான்னு. ஆனா நீங்க அவன் மூஞ்சியைப் பாத்தீங்க. பதினோரு பேர்ல ஒருத்தன் ரொசெந்தோ இல்லன்னு தெரிஞ்சும் அந்தத் துறையில கையில பேனாவோட நின்ன ஒரே ஆளு நீங்கதான். அப்புறம் ரெண்டு மாசமா பதிவுல இல்ல, பதிவுல இல்லன்னு...

சரி. நான் பேசி முடிச்சுட்டேன்.

ரூட்டர் ஆன்லதான் இருக்கு. நறுக்கணும்னா ஷீட்டை நானே படுக்க வச்சு கிளாம்பு போட்டுத் தர்றேன், அளவும் வச்சுத் தர்றேன். நீங்க படிச்சவரு, பச்சை பட்டன் எதுன்னு தெரியும். நான் பின்பக்கம் போய் நிக்கிறேன். அந்தச் சத்தம் எனக்குப் பழகினதுதான்.

...

நறுக்கலையா? அப்ப மேனேஜர்கிட்ட என்ன சொல்றதுன்னு என்னைக் கேட்டா? ஷீட்டோட அடியில பார்டர்னு சொல்லுங்க. டிசைன்லயே இருக்குன்னு சொல்லுங்க. இவ்வளவு நாள் சமாளிச்சீங்க, இதைச் சமாளிக்கத் தெரியாதா உங்களுக்கு.

இருங்க, லைட் வயரைப் பிடுங்குறேன். போர்வையை அந்த முனையில இன்னொரு சுத்து விடுங்க. ம். கனம் இருக்கும், முழங்காலை மடக்கித் தூக்குங்க, இடுப்பை வளைக்காதீங்க. நீங்க முன்னாடி போங்க. வாசக் கதவு உள்பக்கமாத்தான் திறக்கும், நான் காலால பிடிச்சுக்கிறேன். கீழ ரெண்டு படி இருக்கு.

ம். இன்னும் ஒண்ணு.